சிவிக் கூரையில் இரண்டு கயாக்: ரூஃப் ராக் தேர்விலிருந்து முடிச்சு வரை

டொராண்டோவின் ஸ்கார்பரோவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் ஒரு தம்பதியர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "எங்களிடம் இருப்பது 2022-ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் செடான். கூரையின் இரு ஓரங்களிலும் நீளவாக்கில் ஓடும் ரெயில் எதுவும் கிடையாது. 12 அடி நீளமுள்ள பிளாஸ்டிக் கயாக் இரண்டு வாங்கியிருக்கிறோம். ஒவ்வொன்றும் 22 கிலோ. கோடையில் ஆல்கான்குவின் பூங்கா வரை போக ஆசை. எந்த ரூஃப் ராக் (கூரையில் சுமை கட்டும் சட்டம்) வாங்குவது? செடானில் இது சரிப்படாது, டொயோட்டா ஆர்ஏவி4 போன்ற எஸ்யூவிக்கு மாறிவிடுங்கள் என்கிறார்கள். மனைவிக்குத் தோள்வலி உண்டு என்பதையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள்."

கயாக்குக்காக வண்டியை மாற்ற வேண்டியதில்லை. சிவிக்கின் உயரம் சுமார் 1.42 மீட்டர், ஆர்ஏவி4 சுமார் 1.7 மீட்டர். கடையில் நின்று பார்க்கும்போது இந்த 28 சென்டிமீட்டர் பெரிதாகத் தெரியாது. நாள் முழுவதும் துடுப்பு போட்டுவிட்டு, ஈரக் கையோடு 22 கிலோ படகைத் தலைக்கு மேல் தூக்கும்போதுதான் தெரியும். தோள்வலி உள்ளவருக்குத் தாழ்ந்த கூரை பெரிய வசதி. எஸ்யூவியில் வேறு நன்மைகள் உண்டு. கூரை நீளமாக இருக்கும், ரெயில் இருக்கும், ராக் மாட்டுவது எளிது. ஆனால் ஏற்றி இறக்கும் வேலையில் செடானே உங்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து. செடானில் உண்மையான சிக்கல்கள் இரண்டு: கூரை தாங்கக்கூடிய எடை, கூரையின் குறைந்த நீளம். ராக் தேர்வு முழுவதும் இந்த இரண்டையும் சுற்றியே அமைய வேண்டும். எந்த நிறுவனத்தின் ராக் என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்வி.

முதலில் எடை. வண்டியோடு வந்த கையேட்டில் கூரைச் சுமை வரம்பு என்று ஓர் எண் இருக்கும். அது வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது கூரை தாங்கக்கூடிய எடை. நிறுத்திய வண்டியின் கூரை இதைவிடப் பல மடங்கு தாங்கும் என்பதால்தான் கூரைக் கூடாரத்தில் இருவர் படுத்து உறங்க முடிகிறது. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கூரைக்கு வரம்பே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பிரேக் போடும்போதும், வளைவில் திரும்பும்போதும், பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதும் படகு தன் எடையைவிட அதிகமான விசையைக் கம்பிகளின் மீது செலுத்துகிறது. ராக் தயாரிக்கும் நிறுவனங்கள் தங்கள் கம்பிகளுக்கென்று தனி வரம்பு தருகின்றன. தூலே, யாக்கிமா ஆகியவற்றின் பல கம்பிகளுக்கு அது 75 கிலோ. உங்கள் கார் ஒரு வரம்பு சொல்லி, கம்பி வேறொரு வரம்பு சொன்னால், இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு. 75 கிலோ கம்பியை வாங்கிவிட்டதால் கூரையின் வலிமை கூடிவிடுவதில்லை.

அந்த வரம்பு படகுகளுக்கு மட்டும் உரியதும் அன்று. கம்பிகள், அவற்றைத் தாங்கும் கால்கள், படகைப் பிடிக்கும் தாங்கிகள், கட்டும் நாடாவான ஸ்ட்ராப் என்று கூரைக்கு மேலே இருக்கும் எல்லாமே அந்தக் கணக்கில் சேரும். உங்கள் வண்டிக்குக் கணக்குப் போட்டால், படகுகள் 44 கிலோ. கம்பிகளும் கால்களும் ஏறத்தாழ 6 கிலோ. ஜே வடிவத் தாங்கிகள் இரண்டு ஜோடி என்றால் இன்னும் 8 முதல் 10 கிலோ. ஆக 60 கிலோவைத் தொட்டுவிடும். சிறிய கார்களில் 50 கிலோவுக்கும் குறைவான வரம்பு உள்ளவையும் உண்டு என்பதால், ராக் வாங்கக் கிளம்பும் முன் கையேட்டை எடுத்து அந்த எண்ணைப் பார்ப்பதுதான் முதல் வேலை. கையேட்டில் அது கிடைக்காவிட்டால் டீலரின் சர்வீஸ் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரம்பு 60-க்குக் கீழே இருந்தால், கீழே சொல்லப்போகும் இலகுவான தாங்கி உங்களுக்கு உதவும். 53-க்கும் கீழே என்றால் இரண்டு படகையும் கூரையில் ஏற்றும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். கண்ணாடிக் கூரை உள்ள மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் இந்த எண்ணைத் தேடிப் பார்ப்பது நல்லது. டெஸ்லா மாடல் 3-க்கு அந்த நிறுவனம் தரும் வரம்பு 68 கிலோ. அதுவும் நிறுவனம் ஏற்கும் ராக் பொருத்தினால்தான்.

இனி நீளம். முன் கம்பிக்கும் பின் கம்பிக்கும் இடையே உள்ள தூரம் படகின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இருப்பது நல்லது என்பது துடுப்புக்காரர்களிடையே பொதுவாகச் சொல்லப்படும் அளவு. 12 அடி என்பது 3.66 மீட்டர், மூன்றில் ஒரு பங்கு 1.2 மீட்டருக்குச் சற்று மேல். செடான் கூரையில் அவ்வளவு இடம் கிடைக்காது. பெரும்பாலும் 70 முதல் 80 சென்டிமீட்டர்தான் அமையும். நீண்ட ஏணியை இரு கைகளையும் ஒட்டி வைத்துத் தூக்கினால் அதன் நுனிகள் எப்படி ஆடுமோ அப்படித்தான் குறுகிய இடைவெளியில் கட்டிய படகும் ஆடும். இதை எண்ணாலும் காட்டலாம். ஓடும் வண்டியில் காற்று படகின் மூக்கை 10 கிலோ விசையோடு மேலே தூக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். படகின் எடையை விட்டுவிட்டுப் பார்த்தால், கம்பிகளுக்கு இடையே 1.2 மீட்டர் இருக்கும்போது முன் ஸ்ட்ராப் ஏறத்தாழ 20 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும்; 70 சென்டிமீட்டர் மட்டுமே இருந்தால் அதே ஸ்ட்ராப், அதற்குக் கீழுள்ள கம்பி, அந்தக் கம்பியின் கால் ஆகிய மூன்றும் 31 கிலோவைத் தாங்க வேண்டும். இதனால்தான் செடானில் படகின் மூக்கையும் வாலையும் தனித்தனியாகக் கயிறு போட்டு வண்டியோடு கட்டுவதை நான் வற்புறுத்துகிறேன். நீண்ட கூரையும் குட்டையான படகும் உள்ளவர்கள் அது தேவையா என்று விவாதித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு அந்த விவாதம் இல்லை.

ரெயில் இல்லாத கூரைக்கான ராக் நான்கு உறுப்புகளைக் கொண்டது: இரண்டு கம்பிகள், நான்கு கால்கள், அந்தக் காலைக் குறிப்பிட்ட கார் மாடலுக்குப் பொருத்தும் கிட், பிறகு படகுத் தாங்கி. இவற்றில் கிட் என்பதைத்தான் பலர் அலட்சியமாக வாங்குகிறார்கள். அது கூரையின் வளைவுக்கு ஏற்ற நான்கு ரப்பர் பட்டைகளும், கதவைத் திறந்தால் தெரியும் கூரை விளிம்பைப் பற்றிக்கொள்ளும் நான்கு உலோகக் கொக்கிகளும் அடங்கியது. கொக்கியின் வளைவு ஒவ்வொரு காருக்கும், சில சமயம் ஒரே காரின் அடுத்த தலைமுறைக்கும் மாறும். 2021 சிவிக்கும் 2022 சிவிக்கும் வெவ்வேறு தலைமுறை என்பதை நினைவில் வையுங்கள். பழைய ராக்கை யாரிடமாவது வாங்கினால் கம்பியும் காலும் உங்களுக்குப் பயன்படும்; கிட்டை மட்டும் உங்கள் மாடலுக்குரியதாகப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். நாளை காரை மாற்றினாலும் கிட்டை மட்டும் மாற்றினால் போதும் என்பது இந்த ஏற்பாட்டின் நல்ல அம்சம்.

பொருத்தும்போது, முன் கண்ணாடியின் மேல் விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளி முன் கால் உட்கார வேண்டும் என்பதைக் கிட்டோடு வரும் தாள் சொல்லும். அந்த இடத்தில்தான் கூரை அதற்கேற்ற வலிமையோடும் வளைவோடும் இருக்கிறது. இடைவெளியைக் கூட்டுவதற்காகக் காலை முன்னே நகர்த்தக் கூடாது. கூரையை நன்றாகத் துடைத்துவிட்டு வையுங்கள். ரப்பருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் மணல் ஒரே பயணத்தில் பெயிண்டைத் தேய்த்துவிடும். இடது, வலது கால்களை மாறி மாறிச் சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் கம்பி ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும். முதல் 40, 50 கிலோமீட்டர் ஓடிய பிறகு ரப்பர் அமுங்கி இடம் பிடித்திருக்கும் என்பதால் இன்னொரு முறை முறுக்கிப் பார்க்க வேண்டும். செடானில் கூரையின் பின் விளிம்பில் சுறாத் துடுப்பு போல நிற்கும் ஆன்டெனாவையும் கவனியுங்கள். படகின் அடிப்பாகம் அதில் இடிக்காத உயரமும் இடமும் இருக்க வேண்டும்.

கம்பியின் வடிவத்தைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சதுரக் கம்பி மலிவு, வலிமைக்குக் குறைவில்லை, ஆனால் காற்றில் ஊளையிடும். விமான இறக்கை வடிவக் கம்பி அமைதியாக ஓடும், விலை கூடும். ஆண்டுக்கு ஐந்தாறு முறை மட்டும் ஏற்றிவிட்டு மற்ற நாட்களில் கழற்றி வைப்பவருக்குச் சதுரக் கம்பி போதும். ரெயிலுள்ள வண்டி வைத்திருப்பவர்கள் ரெயிலுக்கும் கூரைக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி உண்டா, ரெயில் கூரையோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, அதற்குரிய காலை வாங்க வேண்டும். இரண்டுக்கும் கால் வேறு. ராக்கே இல்லாமல் நுரைத் துண்டுகளைக் கூரையில் வைத்து, கதவு வழியாக ஸ்ட்ராப்பைச் செலுத்திக் கட்டும் முறையும் உண்டு. ரூஜ் நதி முகத்துவாரம் வரையோ பிக்கரிங்கின் ஃபிரெஞ்ச்மேன்ஸ் பே வரையோ ஒரு படகை மெதுவாகக் கொண்டுபோக அது போதும். மழை வந்தால் ஸ்ட்ராப் வழியாகத் தண்ணீர் காருக்குள் சொட்டும் என்பதோடு, இரண்டு படகோடு நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் ஓட்ட அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தாங்கியில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. உங்கள் படகு ஒவ்வொன்றும் 70, 75 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். இரண்டையும் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்தால் ஒன்றரை மீட்டர் ஆகிவிடும். சிவிக்குக்குப் பொருந்தும் கம்பி ஏறத்தாழ 1.2 மீட்டர் நீளம்தான்; அதைவிட நீளமான கம்பியை மாட்டினால் அது பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, கதவைத் திறந்து இறங்கும்போதெல்லாம் நெற்றியில் இடிக்கும். ஆகவே படகுகளை ஒருக்களித்துத்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் படகுக்கு அது நல்லதும்கூட. பாலிஎத்திலீன் வெயிலில் சூடேறும்போது மென்மையாகும். தட்டையான அடிப்பாகத்தைக் கம்பியில் வைத்து இறுக்கிக் கட்டி வெயிலில் நிறுத்தினால் கம்பி அழுத்திய இடத்தில் குழிவு விழும். படகின் பக்க விளிம்பு அடிப்பாகத்தைவிட விறைப்பானது, எனவே ஒருக்களித்த படகு அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். குழிவு ஏற்கெனவே விழுந்திருந்தால் கட்டை அவிழ்த்து வெயிலில் காயவிடுங்கள். பெரும்பாலும் தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

ஒருக்களித்து வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மேலே சொன்ன ஜே வடிவத் தாங்கியான ஜே-கிரேடில். மற்றொன்று ஸ்டாக்கர் எனப்படும் செங்குத்துத் தூண். கம்பியின் நடுவில் நிமிர்ந்து நிற்கும் இந்தத் தூணின் இருபுறமும் ஒவ்வொரு படகைச் சாய்த்துக் கட்டுவார்கள். கடைகளில் முதலில் ஜே-கிரேடிலைத்தான் காட்டுவார்கள். உங்களுக்கு ஸ்டாக்கரே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன். இரண்டு படகுக்கும் சேர்த்து ஒரே ஜோடித் தூண் போதும், ஆகவே விலையும் பாதி, எடையும் மூன்று கிலோ அளவில் நின்றுவிடும். மேலே போட்ட கணக்கு 60-இலிருந்து 53-க்கு இறங்குகிறது. வரம்பு இறுக்கமாக இருக்கும் சிறிய காரில் இந்த ஏழு கிலோ அற்பமன்று. அதைவிட முக்கியம் தோள். ஜே-கிரேடிலில் படகை அதன் வெளிப்புற உதட்டைத் தாண்டி உயர்த்தி உள்ளே இறக்க வேண்டும். ஸ்டாக்கரில் முதலில் படகைக் கம்பியின் மீது படுக்க வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு, பிறகு நிமிர்த்திச் சாய்க்கலாம். படகு தொடும் இடங்களில் கம்பிக்கு நுரை உறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடியிழைப் படகு வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆலோசனை பொருந்தாது. அவர்கள் படகின் அடிப்பாக வளைவைத் தாங்கும் சேணம் வடிவத் தாங்கியை, உள் தடுப்புச் சுவர்கள் இருக்கும் இடத்துக்கு நேராக அமைப்பது நல்லது.

படகைக் கூரைக்கு ஏற்றுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பரவலாகச் சொல்லப்படும் முறை செடானுக்கு ஒத்துவராது. படகின் மூக்கைப் பின் கம்பியில் சாத்தி, வாலைப் பிடித்துத் தூக்கி முன்னே தள்ளுங்கள் என்பார்கள். எஸ்யூவியிலும் ஹேட்ச்பேக்கிலும் பின் கம்பிக்குப் பின்னால் வண்டி சட்டென்று முடிந்துவிடுவதால் இது நன்றாக வேலை செய்யும். செடானில் பின் கம்பியிலிருந்து டிக்கியின் பின் விளிம்பு வரை ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள்கிறது. மூக்கு ஒன்றரை மீட்டர் உயரத்தில் கம்பி மீதும் வால் தரையிலும் இருக்குமாறு 3.66 மீட்டர் படகைச் சாய்த்தால், டிக்கியின் விளிம்புக்கு நேராகப் படகு தரையிலிருந்து ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயரத்தில்தான் செல்ல முடியும். டிக்கியோ ஒரு மீட்டருக்கு மேல் உயரம். அதாவது படகு கம்பியைத் தொடும் முன்பே டிக்கியில் மோதும். தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டு அதன் மேல் தேய்த்து ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மணல் ஒட்டிய படகு பெயிண்டை விட்டுவைக்காது.

ஆகவே பக்கவாட்டிலிருந்து ஏற்றுங்கள். இருவர் இருக்கும்போது ஒருவர் மூக்குப் பக்கமும் ஒருவர் வால் பக்கமும் பிடித்து வண்டிக்கு இணையாக நின்று தூக்கினால் ஆளுக்கு 11 கிலோ. கம்பியின் உயரம் ஏறத்தாழ உங்கள் தோள் உயரம். அதுவும் சிரமம் என்றால், முன் கம்பியிலிருந்து பக்கவாட்டில் வெளியே இழுக்கக்கூடிய நீட்டிப்புக் கம்பி கிடைக்கிறது. தூலே, யாக்கிமா இரண்டுமே அப்படிப்பட்டதை விற்றிருக்கின்றன. கணவர் மூக்கை மட்டும் தூக்கி அந்த நீட்டிய கம்பியில் வைக்கலாம், பிறகு வால் பக்கம் வந்து அதைத் தூக்கிப் பின் கம்பியில் வைக்கலாம், கடைசியாக மூக்கை உள்ளே நகர்த்தலாம். எந்தக் கட்டத்திலும் ஒருவர் பாதி எடைக்கு மேல் தூக்குவதில்லை. மனைவி படகு உருளாமல் பிடித்துக்கொண்டால் போதும். வாயு நிரப்பிய தூக்குத் தண்டின் உதவியோடு இடுப்பு உயரத்துக்கு இறங்கிவந்து படகை ஏற்றிக்கொள்ளும் தூலே ஹல்லவேட்டரை யாராவது பரிந்துரைப்பார்கள். சிறந்த கருவிதான், 34 கிலோ வரையுள்ள படகை ஏற்றும், அதில் 18 கிலோவைத் தானே சுமக்கும். ஆனால் விலை மிக அதிகம், அதன் சொந்த எடையும் கணிசமானது. இரண்டு படகுக்கு இரண்டு ஹல்லவேட்டர் என்றால் சிவிக்கின் கூரை வரம்பு அதிலேயே கரைந்துவிடும். உயரமான எஸ்யூவிக்காரர்களுக்கு அது பொருந்தும்.

கட்டுவதற்கு 25 மில்லிமீட்டர் அகலமுள்ள கேம் பக்கிள் (கையால் இழுத்த நாடாவைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி) ஸ்ட்ராப் வாங்குங்கள்; ஒவ்வொன்றும் 4 மீட்டருக்குக் குறையாத நீளம். ராட்செட் வேண்டாம். அது லாரிச் சரக்குக்கானது; நெம்புகோலால் இழுக்கும்போது கை உணராத அளவுக்கு இறுகும், பிளாஸ்டிக் படகை நசுக்கும், கண்ணாடியிழைப் படகில் விரிசல் விழச் செய்யும். கேம் பக்கிளை உங்கள் கையின் பலத்துக்கு மேல் இறுக்க முடியாது, படகுக்கு அந்த இறுக்கமே போதும். பக்கிளை எறிந்து மறுபக்கம் அனுப்பாமல், பக்கிள் உள்ள முனையைக் கையில் வைத்துக்கொண்டு மறுமுனையைப் படகுக்கு மேலாக வீசுங்கள். கண்ணாடியும் பெயிண்டும் தப்பும். ஸ்ட்ராப் படகின் மேல் போய், மறுபக்கத்தில் கம்பிக்கு அடியில் நுழைந்து, மீண்டும் படகின் மேலாகத் திரும்பி, இந்தப் பக்கத்தில் கம்பிக்கு அடியில் நுழைந்து பக்கிளுக்கு வர வேண்டும். கம்பியைச் சுற்றும் இடம் படகை ஒட்டியே இருக்கட்டும். தள்ளிச் சுற்றினால் ஸ்ட்ராப் நழுவிப் படகு ஆட இடம் கிடைக்கும். தாங்கியை மட்டும் சுற்றிக் கட்டுவது தவறு, தாங்கி கழன்றால் படகும் சேர்ந்து போகும். ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு படகுக்கும் தனி ஸ்ட்ராப் போடுங்கள். இரண்டு படகையும் ஒரே ஸ்ட்ராப்பில் பிணைத்தால் ஒன்று சற்று நகர்ந்தாலும் மற்றதும் தளரும். காற்றில் ஸ்ட்ராப் ஊளையிட்டால் அதில் ஒரு முறுக்குப் போட்டுக் கட்டுங்கள், ஓசை அடங்கும். மீதி நீளத்தைக் கதவுக்கு வெளியே படபடக்க விடாமல் கம்பியில் சுற்றி முடிந்துவிடுங்கள்.

கட்டி முடித்தபின் படகின் மூக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். படகு மட்டும் ஆடினால் கட்டு தளர்வு. படகோடு சேர்ந்து முழு வண்டியும் ஆடினால் கட்டு சரி. படகும் ராக்கும் சேர்ந்து ஆடி, வண்டி சும்மா நின்றால் ராக்கின் கால்களில் கோளாறு, கிளம்பாதீர்கள்.

மூக்குக் கயிற்றைக் கட்ட சிவிக்கின் முன்புறத்தில் வெளிப்படையாக இடம் எதுவும் இருக்காது. பிளாஸ்டிக் பம்பரிலோ அதன் கிரில்லிலோ கட்டினால் அது பிய்ந்துகொண்டு வரும். இதற்கென்று நாடாக் கண்ணி விற்கிறார்கள்: பானெட்டைத் திறந்து, ஓரத்தில் ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட் ஒன்றைக் கழற்றி, நாடாவின் உலோக வளையத்தை அதில் கோர்த்து மறுபடி முறுக்கிவிட வேண்டும். பயணத்தின்போது நாடாவை வெளியே எடுத்துவிட்டு பானெட்டை மூடினால் இருபுறமும் ஒவ்வொரு கண்ணி நிற்கும். மற்ற நாட்களில் உள்ளே மடித்துவிடலாம். டிக்கி மூடியின் ஓரத்திலும் இப்படியே செய்யலாம். படகின் மூக்கிலிருந்து இரண்டு கண்ணிகளுக்கும் தலைகீழ் வி வடிவில் கயிறு இறங்கினால் பக்கக் காற்றையும் அது தடுக்கும்.

கயிறு பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் ஈரமானால் நீளும். காலையில் விறைப்பாகக் கட்டியது மழைக்குப் பின் தொய்ந்துவிடும். கயிற்றிலேயே ஒரு கண்ணி போட்டு அதன் வழியாக இழுத்து இறுக்கும் டிரக்கர்ஸ் ஹிட்ச் முடிச்சைப் பழகிக்கொண்டால் கருவி எதுவும் இல்லாமல் வேண்டிய அளவுக்கு இறுக்கலாம். எவ்வளவு இறுக்குவது என்பதில் நிதானம் தேவை. மூக்கைக் கீழே இழுத்து வளைப்பது இந்தக் கயிற்றின் வேலையன்று. மூக்கு மேலே எழாமலும் பக்கம் திரும்பாமலும் தடுத்தால் போதும். தொய்வில்லாமல், விரலால் தட்டினால் சிறிது அதிர்கிற அளவில் நிறுத்துங்கள். இந்தக் கயிற்றில் உள்ள ஒரே பெரிய ஆபத்து, அது அவிழ்ந்து முன் சக்கரத்துக்கு அடியில் போவது. சக்கரம் கயிற்றை இழுத்தால் படகின் மூக்கு நொடியில் உடைந்துவிடும், கம்பியும் பிடுங்கிக்கொண்டு வரலாம். எனவே மீதிக் கயிற்றைச் சக்கரத்தை எட்டாத நீளத்துக்கு வெட்டிவிடுங்கள், அல்லது சுருட்டி முடிந்துவிடுங்கள். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இந்தக் கயிறு கண்ணுக்குத் தெரியும் என்பது இன்னொரு பயன்; அது ஆடத் தொடங்கினால் கூரையில் ஏதோ தளர்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ஆல்கான்குவினுக்கு நெடுஞ்சாலை 400 வழியாகப் பேரி சென்று, 11-இல் ஹண்ட்ஸ்வில் வரை ஏறி, 60-இல் திரும்புவீர்கள். ஊருக்குள் ஓட்டும்போது சாதுவாக இருந்த படகு 400-இல் ஏறியதும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது: 80-இலிருந்து 100 கிலோமீட்டருக்குப் போனால் ஒன்றரை மடங்குக்கும் சற்று மேல், 100-இலிருந்து 120-க்குப் போனால் மேலும் 1.44 மடங்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் காற்று, ஒருக்களித்த 12 அடிப் படகின் மீது கணிசமான விசை செலுத்தும். 11-இல் பெரிய டிரக்கைத் தாண்டும்போது, அதன் மறைவிலிருந்து வெளியே வரும் நொடியில் இந்தத் தள்ளலை ஸ்டியரிங்கில் உணர்வீர்கள். 90, 95-இல் வலது தடத்தில் போவதே இரண்டு படகோடு போகும் செடானுக்கு ஏற்ற வேகம், பெட்ரோலும் மிஞ்சும். கிளம்பிய பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்திக் கட்டுகளைச் சோதியுங்கள், பிறகு பெட்ரோலுக்கோ காபிக்கோ நிற்கும்போதெல்லாம் ஒரு பார்வை. மழை பெய்யும்போது ஒருக்களித்த படகின் இருக்கைப் பள்ளத்தில் தண்ணீர் தேங்கக்கூடும். அதற்கு மூடி வாங்கினால், அது பறந்து பின்னால் வரும் வண்டியின் கண்ணாடியில் விழாதபடி அதையும் கயிற்றால் பிணைத்துவிடுங்கள்.

சட்டத்தைப் பொறுத்தவரை உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஒன்டாரியோவில் சுமை வண்டியின் பின்புறத்தைத் தாண்டி 1.5 மீட்டரோ அதற்கு மேலோ நீட்டிக்கொண்டிருந்தால் பகலில் சிவப்புக் கொடியும் இருட்டில் சிவப்பு விளக்கும் கட்ட வேண்டும். சிவிக்கின் நீளம் 4.67 மீட்டர், உங்கள் படகு 3.66; எங்கும் நீட்டாது. பின்னாளில் ஜார்ஜியன் பேக்கு என்று 17 அடி கடல் கயாக் வாங்கினால் அது 5.18 மீட்டர், அப்போதும் சரியாக நடுவில் வைத்தால் 1.5-ஐ எட்டாது, ஆனாலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவதில் நஷ்டமில்லை. சுமை அவிழ்ந்து விழாதபடி கட்டுவது ஓட்டுபவரின் பொறுப்பு என்பதையும் அதே சட்டம் சொல்கிறது.

பலருக்குத் தெரியாத இன்னொரு விதியும் உண்டு. ஆக்கிரமிப்பு உயிரினங்கள் ஏரிக்கு ஏரி பரவாமல் தடுக்க, 2022 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் படகைச் சாலையில் கொண்டுசெல்லும் முன் அதிலுள்ள தண்ணீரை வடித்துவிட வேண்டும், ஒட்டியிருக்கும் நீர்த்தாவரங்களை அகற்ற வேண்டும். கயாக்குக்கும் இது பொருந்தும். வடிகால் அடைப்பானைத் திறந்து படகைச் சாய்த்து வடியுங்கள். உள்ளே பத்து லிட்டர் தேங்கியிருந்தால் அது கூரையில் பத்து கிலோ. நாம் தாங்கியில் பாடுபட்டு மிச்சம் பிடித்தது ஏழு கிலோதான்.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்பதால் கார் நிறுத்துமிடத்தின் உயரத்தை இப்போதே அளந்துவிடுங்கள். நிலத்தடி நிறுத்துமிடங்களின் நுழைவாயிலில் பெரும்பாலும் 1.9 அல்லது 2 மீட்டர் என்று எழுதியிருக்கும். சிவிக் 1.42, கம்பியோடு ஏறத்தாழ 1.55, ஒருக்களித்த படகோடு 2.2 மீட்டரைத் தாண்டும். படகை வெளியேதான் ஏற்றி இறக்க முடியும். படகு இல்லாதபோதும் நிமிர்ந்து நிற்கும் தூண் இடிக்குமா என்று பாருங்கள். மடக்கக்கூடிய ஸ்டாக்கர் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். படகுகளை வீட்டில் எங்கே வைப்பது என்பதற்கு இன்னும் வழி காணவில்லை என்றால், அடுத்த முறை வாங்கும்போது காற்றடைக்கும் கயாக்கையோ மடக்கும் கயாக்கையோ பார்க்கலாம். டிக்கியில் போய்விடும், இந்தக் கட்டுரையே தேவைப்படாது. கூரை வரம்பு போதாது என்று தெரியவந்தால் சிறிய டிரெய்லர் ஒரு வழி, உங்கள் கார் இழுக்கலாம் என்று கையேடு சொன்னால். ஒன்டாரியோவில் டிரெய்லருக்குத் தனி நம்பர் பிளேட் தேவை. ஒரு முறை வாங்கினால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அதை நிறுத்த இடம் கேட்டால் குடியிருப்பு நிர்வாகம் என்ன சொல்லும் என்பதை நீங்களே அறிவீர்கள்.

அக்டோபரில் கடைசிப் பயணம் முடிந்ததும் ராக்கைக் கழற்றிவிடுங்கள். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு காலின் திருகுகளில் ஏறித் துருப்பிடிக்கச் செய்யும், ரப்பருக்கு அடியில் தங்கிக் கூரையையும் கெடுக்கும். கழற்றும் முன், முன் கால் உட்கார்ந்திருந்த இடத்தைக் கதவுச் சட்டத்தின் உட்புறத்தில் சிறிய டேப் துண்டால் குறித்துவைத்தால் மே மாதம் மறுபடி அளக்கும் வேலை மிச்சம். ஸ்ட்ராப்களை வெயில் படாத இடத்தில் வைத்து, அடுத்த ஆண்டு பயன்படுத்தும் முன் விரலால் தடவிப் பாருங்கள். நிறம் வெளுத்து, ஓரம் பிசிறியிருந்தால் அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.